பெருவளையங்களின் வரலாறு – 4: நுனி நுனியைத் தேடிய காலம் (1885–1947)

கார்பன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாக நீளும் இயல்புடையவை. அச்சங்கிலியின் முதல் அணுவும் கடைசி அணுவும் தமக்குள் பிணைந்துகொண்டால் வளையச் சேர்மம் உண்டாகிறது. வளையத்தின் சுற்றில் அமர்ந்த அணுக்கள் அதன் உறுப்புகள் எனப்படும். மூன்று முதல் ஆறு உறுப்புகள் வரை கொண்ட சிறு வளையங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆய்வகங்களில் ஆக்கப்பட்ட செய்தி இத்தொடரின் முந்தைய பகுதியில் கூறப்பட்டது. பன்னிரண்டும் அதற்கு மேலும் உறுப்புகள் கொண்ட பெருவளையங்கள் முதன்முதலாக ஆக்கப்பட்ட வரலாறும், அதற்கு நாற்பது ஆண்டுகளாகக் குறுக்கே நின்ற ஒரு கோட்பாட்டின் வரலாறும் இப்பகுதியின் பொருளாகும்.

ஒரு கோட்பாடு இட்ட தடை

1885இல் மியூனிக் நகரப் பேராசிரியர் அடால்ஃப் வான் பேயர், அசெட்டிலீன் வகைச் சேர்மங்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையொன்றில், வளையங்களின் நிலைப்புத்தன்மை குறித்த சில கருத்துகளையும் சேர்த்து வெளியிட்டார். கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்வதால், எந்த இரு பிணைப்புகளுக்கும் இடைப்பட்ட இயல்பான கோணம் 109 பாகை 28 கலை ஆகும். வளையமாக மூடும்போது இக்கோணம் குறுகவோ விரியவோ நேர்ந்தால் மூலக்கூறுக்குள் ஓர் இறுக்கம் பிறக்கும் என்பது அவர் கூற்று. இவ்விறுக்கமே திரிபு எனப் பெயர் பெற்றது. முக்கோண வடிவிலுள்ள மூன்று உறுப்பு வளையத்தில் ஒவ்வொரு பிணைப்பும் 24 பாகை 44 கலை அளவு வளைய வேண்டியிருக்கிறது. நான்கு உறுப்பு வளையத்தில் 9 பாகை 44 கலை. ஐந்து உறுப்பு வளையத்திலோ வெறும் 44 கலை. மூன்று உறுப்பு வளையம் எளிதில் உடைவதையும் ஐந்து உறுப்பு வளையம் உறுதியாக நிற்பதையும் இக்கணக்கு அழகாக விளக்கியது.

ஆனால் அக்கணக்குக்குள் சொல்லாமல் வைத்த ஓர் எடுகோள் இருந்தது. எல்லா வளையங்களும் தாளில் வரைந்த பலகோணம்போலத் தட்டையானவை என்று பேயர் கொண்டார். அவ்வாறு கொண்டால், உறுப்புகள் ஆறைத் தாண்டியபின் பலகோணத்தின் உட்கோணம் விரிந்துகொண்டே போகும். திரிபும் அதனோடு கூடிக்கொண்டே போகும். பதினேழு உறுப்பு வளையமொன்றை அவர் முறையில் கணக்கிட்டால் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஏறத்தாழ 24 பாகை 41 கலை வருகிறது. அதாவது அவ்வளையம் மூன்று உறுப்பு வளையத்துக்கு நிகரான இறுக்கத்தில் தவிக்க வேண்டும்.

வளையம் தட்டையாக இருக்க வேண்டியதில்லை என்பதை 1890இலேயே ஒருவர் சுட்டிக்காட்டினார். ஹெர்மன் சாக்சே என்னும் அந்த இளம் வேதியியலர், ஆறு உறுப்பு வளையம் மேலும் கீழுமாக மடிந்து நின்றால் திரிபே இல்லாமல் அமைய முடியும் என்று வடிவியல் வழியாகக் காட்டினார். அவருடைய எழுத்து கணிதச் சுமை மிகுந்ததாக இருந்தமையால் வேதியியலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1893இல் அவர் இளவயதிலேயே மறைந்தார். வைரத்தின் படிக அமைப்பு எக்ஸ் கதிர்களால் வெளிப்பட்ட பின், 1918இல் எர்ன்ஸ்ட் மோர் அக்கருத்தைப் புதுப்பித்தார். ஆயினும் பெரிய வளையங்கள் ஆய்வகத்தில் கைகூடாமல் போன ஒவ்வொரு முயற்சியும் பேயரின் கணக்குக்கே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆக்க முடியாதது நிற்கவும் முடியாதது என்னும் முடிவு, ஆராயப்படாமலே பாடநூல்களில் இடம்பெற்றது.

கஸ்தூரியும் புனுகும்

இத்தடையை உடைத்தவை மணப்பொருள்கள். இமயமலைச் சாரலில் வாழும் கஸ்தூரி மானின் சுரப்பியிலிருந்து கிடைக்கும் கஸ்தூரியும், புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து வழித்தெடுக்கப்படும் புனுகும் தமிழகக் கோயில் வழிபாட்டிலும் மருத்துவத்திலும் நெடுங்காலமாக வழங்கி வருபவை. ஐரோப்பிய வாசனைத் தொழிலிலும் பிற மணங்களை நெடுநேரம் நிலைநிறுத்தும் அடிப்பொருள்களாக அவை விலைமதிப்புப் பெற்றிருந்தன. கஸ்தூரியின் மணத்துக்குக் காரணமான சேர்மத்தை 1906இல் ஹைன்ரிக் வால்பாம் பிரித்தெடுத்தார். அது மஸ்கோன் எனப்பட்டது. புனுகின் மணப்பொருளான சிவெட்டோன் 1915இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டும் கீட்டோன்கள், அதாவது ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பால் பற்றிய கார்பன் அணுவொன்று இரு கார்பன்களுக்கு நடுவே அமைந்த சேர்மங்கள் என்பது தெரிந்தது. அவற்றின் முழு அமைப்பு மட்டும் புதிராகவே இருந்தது.

அப்புதிரை அவிழ்த்தவர் லியோபோல்ட் ருஷிச்கா. 1887இல் இன்றைய குரோவேஷியாவின் வுகோவார் நகரில் பிறந்த இவர், நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் மெய்யானவை என்று பிற்காலத்தில் வாதிட்டு வென்ற ஹெர்மன் ஸ்டாடிங்கரிடம் பயின்று, அவருக்கு உதவியாளராக ஜூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தவர். ஜெனீவாவின் வாசனைப் பொருள் நிறுவனமான ஷுயி–நெஃப் அவருடைய ஆய்வுக்குத் துணை நின்றது.

சிவெட்டோனில் பதினேழு கார்பன், முப்பது ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் உள்ளன. அதிலுள்ள கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜனால் நிரப்பிவிட்டு, எஞ்சிய கீட்டோனை ருஷிச்கா ஆக்சிஜனேற்றம் செய்தார். திறந்த சங்கிலியின் நடுவே கீட்டோன் இருந்திருந்தால் அது அங்கே அறுந்து இரு சிறு துண்டுகளாகியிருக்க வேண்டும். கிடைத்ததோ பதினேழு கார்பன்களும் குறையாமல், இரு நுனிகளிலும் அமிலத் தொகுதி கொண்ட ஒரே நீண்ட சங்கிலி. ஓரிடத்தில் அறுத்தும் துண்டாகாமல் நீளமாக விரிவது வளையத்துக்கு மட்டுமே உரிய இயல்பு. ஆகவே சிவெட்டோன் பதினேழு உறுப்பு வளையமே என்று 1926இல் அவர் அறிவித்தார். மஸ்கோன், மூன்றாம் கார்பனில் ஒரு மெத்தில் கிளையைத் தாங்கிய பதினைந்து உறுப்பு வளையம் என்பதும் அதே ஆய்வுத் தொடரில் நிறுவப்பட்டது. கோட்பாட்டின்படி நிற்கக்கூடாத வளையங்கள், விலங்குகளின் உடலில் இயல்பாக உருவாகி, காற்றிலும் வெளிச்சத்திலும் கெடாமல் மணம் வீசிக்கொண்டிருந்தன. தட்டை வளையக் கணக்கை வகுத்த பேயர் 1917இலேயே மறைந்துவிட்டமையால், இச்செய்தி அவரை எட்டவில்லை.

தோரிய உப்புகளின் வழி

அமைப்பை அறிந்தது பாதி. அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டுவது மறுபாதி. இரு நுனிகளிலும் அமிலத் தொகுதி கொண்ட சங்கிலிகளின் கால்சியம் உப்பை உலர்நிலையில் சூடாக்கினால், ஒரு கார்பன் கார்பனேட்டாக நீங்க, இரு நுனிகளும் இணைந்து வளையக் கீட்டோன் தரும் என்பது முன்பே தெரிந்த முறை. ஆறு கார்பன் கொண்ட அடிப்பிக் அமிலம் இவ்வாறு ஐந்து உறுப்பு வளையத்தை நன்கு தரும். ஆனால் சங்கிலி நீளநீள விளைச்சல் சரிந்து, எட்டு உறுப்புகளுக்கு அப்பால் அனேகமாக ஒன்றும் கிடைக்காமல் போயிற்று.

ருஷிச்காவும் அவருடைய துணைவர்களும் கால்சியத்துக்குப் பதிலாகப் பல உலோகங்களைச் சோதித்து, தோரியம், சீரியம் போன்றவற்றின் உப்புகள் மேலானவை என்று கண்டனர். தோரியம் அக்காலத்தில் எரிவாயு விளக்குகளின் மேன்டில் வலைகளுக்காக மோனசைட் மணலிலிருந்து பெருமளவில் பிரிக்கப்பட்டு வந்தது. அம்மணலை உலகுக்கு அளித்த கரைகளுள் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியும் ஒன்று. பதினெட்டு கார்பன் கொண்ட இரட்டை அமிலத்தின் தோரிய உப்பைச் சூடாக்கியபோது பதினேழு உறுப்பு வளையக் கீட்டோன் கிடைத்தது. அது புனுகிலிருந்து பெற்று ஹைட்ரஜனேற்றிய கீட்டோனோடு எல்லா வகையிலும் ஒத்திருந்தது. பதினாறு கார்பன் அமிலம் தந்த பதினைந்து உறுப்புக் கீட்டோன், மஸ்கோனின் மெத்தில் கிளை இல்லாமலே கஸ்தூரி மணம் வீசியதால், எக்சால்டோன் என்னும் பெயரில் ஜெனீவாவிலிருந்து விற்பனைக்கு வந்தது.

முறை வென்றதே தவிர, விளைச்சல் வெல்லவில்லை. நூறு பங்கு அமிலத்திலிருந்து சில பங்கு வளையமே கிடைத்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு உறுப்புகள் வரையிலான இடைப்பகுதியில் அதுவும் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. எஞ்சியதெல்லாம் கரிந்த பிசினாக மாறியது. வியப்பு என்னவெனில், உறுப்புகள் பதினைந்தைத் தாண்டியபின் விளைச்சல் மீண்டும் சிறிது ஏறியது. திரிபுதான் தடை என்றால் இவ்வேற்றத்துக்குக் காரணம் கூற இயலாது.

நிற்பதும் கூடுவதும்

இங்கேதான் இவ்வரலாற்றின் திருப்பம் அமைகிறது. ஒரு சேர்மத்தை எரிக்கும்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்தால், அதனுள் அடங்கிய திரிபை எடைபோடலாம். வளையத்தின் ஒவ்வொரு மெத்திலீன் அலகுக்கும், அதாவது ஒரு கார்பனும் இரு ஹைட்ரஜனும் கொண்ட கூறுக்கும், இன்று ஏற்கப்பட்ட அளவுகளின்படி மூன்று உறுப்பு வளையம் ஏறத்தாழ 697 கிலோஜூல் தருகிறது; நான்கு உறுப்பு வளையம் 686; ஐந்து உறுப்பு வளையம் 664; ஆறு உறுப்பு வளையம் 659. ஒன்பது, பத்து உறுப்பு வளையங்களில் இது மீண்டும் 664 அளவுக்கு ஏறி, பதினைந்து உறுப்பு வளையத்தில் திறந்த சங்கிலிக்குரிய 659க்கே திரும்பிவிடுகிறது. பெருவளையம் கயிற்றுக் கண்ணிபோல நெளிந்து வளைந்து கிடப்பதால், அதன் எந்தக் கோணமும் வருத்தப்படுவதில்லை.

எனவே பெருவளையம் நிற்பதில் இடர் இல்லை, கூடுவதில்தான் இடர். நீண்ட சங்கிலியின் ஒரு நுனி கரைசலில் அலையும்போது, தன் மறுநுனியைத் தற்செயலாகச் சந்திக்கும் வாய்ப்பு சங்கிலி நீளத்தோடு குறைந்துகொண்டே போகிறது. பக்கத்தில் மிதக்கும் வேறொரு சங்கிலியின் நுனியைச் சந்திக்கும் வாய்ப்போ குறைவதில்லை. அயல் நுனியோடு பிணைந்தால் வளையம் பிறக்காது. சங்கிலி இரட்டிப்பாகி, அது மேலும் நீண்டு, முடிவில் பலபடி எனப்படும் மிக நீண்ட சங்கிலியாகும். ஒழுங்கின்மையின் அளவை என்ட்ரோபி என்பர். கட்டின்றி அலையும் சங்கிலி தன் உரிமையை இழந்து ஒரே வடிவில் மூடுவதற்கு அந்த என்ட்ரோபியில் விலை கொடுக்க வேண்டும். திரிபு, நுனிகள் கூடும் வாய்ப்பு என்னும் இவ்விரு காரணிகளையும் ருஷிச்காவே தெளிவாகப் பிரித்துரைத்தார். சிறு வளையத்தில் திரிபு மிகுதி, ஆனால் நுனிகள் அருகருகே உள்ளன. பெருவளையத்தில் திரிபு இல்லை, ஆனால் நுனிகள் தொலைவில் உள்ளன. நடுத்தர வளையத்தில் இரண்டு இடர்களும் சேர்ந்து வருவதால் அங்கே விளைச்சல் அதலபாதாளத்துக்கு இறங்குகிறது.

தனிமையில் மூடிய வளையம்

வாய்ப்புதான் தடை என்றால், அதை மாற்றும் வழியும் புலப்படுகிறது. அயல் சங்கிலிகளை அகற்றிவிட்டால், நுனிக்குச் சந்திக்கக் கிடைப்பது தன் மறுநுனி ஒன்றே. இக்கருத்தை 1912இலேயே சுவிஸ் வேதியியலர் பவுல் ருக்லி பயன்படுத்தியிருந்தார். முப்பிணைப்பு கொண்ட ஒரு வளையத்தை ஆக்க முயன்ற அவர், கரைசலை மிகவும் நீர்க்கச் செய்தால் சங்கிலிகள் தம்முள் இணைவது குறைந்து வளையம் கூடுதலாகக் கிடைப்பதைக் கண்டார். இதுவே மிகுநீர்ப்புத் தத்துவம்.

அதன் கணக்கு எளியது. ஒரு சங்கிலி தானே மூடுவதற்கு ஒரு மூலக்கூறு போதும். ஆகவே மூடும் வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமையும். இரு சங்கிலிகள் இணைவதற்கு இரண்டு மூலக்கூறுகள் சந்திக்க வேண்டும். ஆகவே அதன் வேகம் செறிவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். செறிவை நூறில் ஒரு பங்காக்கினால், வளையம் மூடும் வேகம் நூறு மடங்கு குறையும். சங்கிலிகள் இணையும் வேகமோ பத்தாயிரம் மடங்கு குறையும். வேலை மெதுவாகிறது, ஆனால் சங்கிலி இணைவோடு ஒப்பிட்ட வளையத்தின் விகிதம் நூறு மடங்கு உயர்கிறது.

இத்தத்துவத்தை நம்பகமான ஆய்வக முறையாக வளர்த்தவர் ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய கார்ல் சீக்லர். இரு நுனிகளிலும் நைட்ரைல் தொகுதி, அதாவது முப்பிணைப்பால் நைட்ரஜனைப் பற்றிய கார்பன், கொண்ட சங்கிலிகளை 1933இல் அவர் தேர்ந்தார். ஒரு நைட்ரைலுக்கு அடுத்த கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைக் காரம் பறித்துக்கொண்டால், அக்கார்பன் எதிர்மின் பெற்று இன்னொரு நைட்ரைலைத் தாக்கும் என்பது ஜோஸ்லின் தோர்ப் முன்பே கண்டறிந்த வினை. சீக்லர் இதற்கு ஈதரில் கரையக்கூடிய பருத்த காரமொன்றை அமைத்து, பெரும் அளவு ஈதரில் அதைக் கரைத்து, நைட்ரைல் கரைசலைப் பல நாள்கள் துளித்துளியாக அதனுள் விழச் செய்தார். குடுவையில் விழும் ஒவ்வொரு துளியும் அடுத்தது வருமுன் வளையமாக மூடிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. இதனால் எந்த நேரத்திலும் மூடாத சங்கிலிகளின் செறிவு மிகச் சிறிதாகவே நின்றது. கிடைத்த வளையத்தை நீராற்பகுத்து, தேவையற்ற தொகுதியை நீக்கினால் வளையக் கீட்டோன் வந்தது.

பயன் பெரிது. பதினான்கும் அதற்கு மேலும் உறுப்புகள் கொண்ட வளையங்களில், தோரிய முறை சில பங்கு தந்த இடத்தில் இம்முறை நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு தந்தது. அடுத்த ஆண்டே சீக்லர் மஸ்கோனையும் இவ்வழியில் ஆக்கினார். ஆனால் ஒன்பது முதல் பதின்மூன்று உறுப்புகள் வரையிலான பள்ளத்தை இம்முறையாலும் நிரப்ப இயலவில்லை. சங்கிலிகள் இணையாமல் தடுப்பதில் இத்தனை நுணுக்கம் காட்டிய சீக்லர், பின்னாளில் எத்திலீனை மிக நீண்ட சங்கிலிகளாக இணைக்கும் வினையூக்கிக்காக 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பலபடியிலிருந்து திரும்பிய வளையம்

அதே 1933இல், அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் எதிர்த்திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நைலானைப் பின்னர் உலகுக்குத் தந்த அவருக்கு வேண்டியவை சங்கிலிகள். வளையங்கள் அவர் பாதையில் குறுக்கிட்ட துணைப்பொருள்கள். எஸ்தர் பிணைப்புகளால், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் நீரை இழந்து இணையும் பிணைப்புகளால், ஆன பலபடியை வெற்றிடத்தில் வினையூக்கியோடு சூடாக்கியபோது, சங்கிலி ஓரிடத்தில் அறுந்து தன்மேலேயே திரும்பிப் பிணைந்து சிறு அலகுகளாக, அதாவது பெருவளையங்களாக, ஆவியாகி வெளியேறுவதை அவரும் ஜூலியன் ஹில்லும் கண்டனர். வினை மீள்தன்மை உடையது. வளையம் மட்டுமே ஆவியாகக்கூடியது. ஆவியாகியது உடனுக்குடன் அகற்றப்படுவதால் சமநிலை வளையத்தின் பக்கமே சாய்ந்துகொண்டிருக்கும். ஈதர்க் கடலும் நாள்கணக்கான துளிகளும் இல்லாமலே, கிலோ கணக்கில் மணமுள்ள வளையங்களை ஆக்க இம்முறை வழிவகுத்தது.

இவ்வாறு கிடைத்தவை கீட்டோன்கள் அல்ல, எஸ்தர் வளையங்கள் என்பதும் நோக்கத்தக்கது. ஓர் எஸ்தர் தொகுதியை வளையத்தின் சுற்றிலேயே கொண்ட சேர்மம் லாக்டோன் எனப்படும். 1927இல் மாக்ஸ் கெர்ஷ்பாம், ஏஞ்சலிகா வேரின் எண்ணெயிலும், தமிழில் கஸ்தூரி வெண்டை எனப்படும் செடியின் விதை எண்ணெயிலும் கஸ்தூரி மணம் தருபவை பெருவளைய லாக்டோன்களே என்று காட்டியிருந்தார். ஒரு விதைக்கு மானின் மணத்தைப் பெயராகச் சூட்டிய பழைய வழக்கு, வேதியியல் நோக்கிலும் பொருத்தமுடையதாயிற்று: மானில் கீட்டோன், விதையில் லாக்டோன், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள வளையங்கள்.

சோடியத்தின் மேற்பரப்பு

எஞ்சியிருந்த பள்ளம் 1947இல் நிரம்பியது. ஜூரிக்கில் ருஷிச்காவின் ஆய்வகத்தைச் சேர்ந்த விளாதிமிர் பிரெலாகும், ஜெனீவாவில் மாக்ஸ் ஸ்டோலும் தனித்தனியே ஒரே முறையை அறிவித்தனர். இரு நுனிகளிலும் எஸ்தர் கொண்ட சங்கிலியை, ஆக்சிஜன் அற்ற சூழலில், கொதிக்கும் சைலீனில் உருகிச் சிதறிய சோடியத்தோடு சேர்த்தால், இரு எஸ்தர் கார்பன்களும் இணைந்து, கீட்டோனும் அதன் அருகே ஓர் ஆல்கஹால் தொகுதியும் கொண்ட வளையத்தைத் தருகின்றன. இவ்வகைச் சேர்மம் அசைலாயின் எனப்படும். அதிலிருந்து வளையக் கீட்டோனுக்குச் செல்வது எளிது.

ஒன்பது, பத்து உறுப்பு வளையங்களும் கணிசமான விளைச்சலில் கிடைத்தன, மிகுநீர்ப்பும் தேவைப்படவில்லை. இதற்கு அக்காலத்தில் கூறப்பட்ட விளக்கம் எளிமையானது. சங்கிலியின் இரு நுனிகளும் உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய நுனிகள் அப்பரப்பின்மேல் நகர்ந்து ஒன்றையொன்று அடைகின்றன. கரைசலின் முப்பரிமாண வெளியில் தேட வேண்டிய நுனியை, ஒரு தளத்தில் தேடினால் போதும். சீக்லர் அயலாரை அகற்றினார். சோடியமோ சந்திக்கும் இடத்தையே குறுக்கியது.

நடுத்தர வளையங்கள் கையில் கிடைத்தபின், அவை ஏன் அவ்வளவு காலம் அடம்பிடித்தன என்பதையும் பிரெலாக் ஆராய முடிந்தது. பத்து உறுப்பு வளையத்தில் கோணங்கள் பெரிதும் வருந்துவதில்லை. ஆனால் வளையத்தின் உள்நோக்கி நிற்கும் ஹைட்ரஜன்கள் எதிர்ப்பக்கத்து ஹைட்ரஜன்களோடு இடித்துக்கொள்கின்றன. இது வளையத்துக்குக் குறுக்கே நிகழும் நெருக்கடி; பேயரின் கணக்கில் இடம்பெறாத வேறொரு வகைத் திரிபு. சிறு வளையத்தில் கோணமும், நடுத்தர வளையத்தில் உள்நெருக்கமும், பெருவளையத்தில் நுனிகளின் தொலைவும் தடையாக அமைகின்றன என்னும் முழுப் படம் இவ்வாறு அறுபது ஆண்டுகளில் துலங்கியது. ருஷிச்கா 1939ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசிலும், பிரெலாக் 1975ஆம் ஆண்டுக்கான பரிசிலும் பங்கு பெற்றனர்.

இக்காலத்து முறைகள் யாவும் ஒரு வகையில் கரடுமுரடானவை. தோரிய உப்பின் உலர்வெப்பம், சீக்லரின் வலிய காரம், உருகிய சோடியம் ஆகியவற்றை மெத்திலீன் அலகுகள் மட்டுமே கொண்ட எளிய சங்கிலி தாங்கிக்கொள்ளும். தொகுதிகள் செறிந்த நுண்ணிய மூலக்கூறு தாங்காது. 1952இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணிலிருந்து பெற்ற நுண்ணுயிரொன்று எரித்ரோமைசின் என்னும் எதிருயிர் மருந்தைத் தந்தது. அதன் நடுவே இருந்தது பதினான்கு உறுப்பு லாக்டோன் வளையம். அவ்வளையத்தின் பெரும்பாலான கார்பன்களில் திசை மாறினால் மருந்தே மாறிவிடும் கிளைகள். அவ்வளையத்தை மூட வேண்டியவர்கள் நுனிகளைக் கூட்டினால் மட்டும் போதாது, நுனிகளைத் தவிர வேறெதையும் தொடாமலும் கூட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழிகள் அடுத்த பகுதியில் இடம்பெறும்.